பாரியில் வீடு, இரண்டு கார் டிரைவ்வே: எந்த ஸ்னோ ப்ளோவர் (பனியை அள்ளி எறியும் மெசின்) வாங்குவது?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பன்னிரண்டு வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, இந்தக் கோடையில் வடக்கே பாரி நகருக்கு வீடு மாறியிருக்கிறோம். டிரைவ்வே தார் போட்டது, இரண்டு கார் அகலம், நான்கு கார் நிற்கும். கடையில் 30 அங்குல வாய் அகலம் உள்ள மெசினைக் காட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் பற்றரி மெசின் போதும் என்கிறார். அப்பாவுக்கு 67 வயது, மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். "நான் சவலால் பனியைத் தள்ளுகிறேன், காசை வீணாக்காதே" என்று அவர் நிற்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அப்பாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் சவலைத் தொடக்கூடாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் இதயம் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறது. பெரும் பனி கொட்டிய மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருவது கூடுகிறது என்று கியூபெக்கில் பல வருடத் தரவுகளை வைத்து ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு இதய வருத்தம் இளவயதிலேயே வருவது ஏற்கனவே அதிகம். ஸ்டென்ட் வைத்த மனிதரைக் காலை ஆறு மணிக்குப் பனிக்குள் அனுப்பி மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

அவர் கோபிப்பார், தெரியும். கணக்கைக் காட்டுங்கள். உங்கள் டிரைவ்வே 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம் என்று வைப்போம். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 14 கன மீற்றருக்கு மேல். புதிதாக விழுந்த உலர்ந்த பனியே ஒரு கன மீற்றர் நூறு கிலோ வரை வரும். ஆகவே ஒரு காலையில் தள்ள வேண்டியது ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்ட. ஈரப்பனி என்றால் அது இரண்டு, மூன்று மடங்கு ஆகிவிடும்.

ஆனால் மெசினைத் தீர்மானிக்க வேண்டியது இந்த ஒன்றரைத் தொன் அல்ல. பலர் பிழை விடுவது இங்கேதான். கடைக்குப் போய் "எவ்வளவு பனி விழும், எத்தனை அங்குல மெசின் வேண்டும்" என்று கேட்கிறார்கள். வானத்திலிருந்து விழுகிற பனியை எந்த மெசினும் அள்ளும். நீங்கள் மெசின் வாங்க வேண்டியது, நகரசபை லொறி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது உங்கள் டிரைவ்வே வாசலில் தள்ளிவிட்டுப் போகிற அந்தச் சுவருக்காக.

ஸ்காபரோ அடுக்குமாடியில் இருந்தபடியால் அதை நீங்கள் கிட்ட நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். அது விழுந்த பனி மாதிரிப் பஞ்சாக இருக்காது. தெருப் பனி, கார் டயர்கள் மிதித்த கட்டி, உப்பு கலந்த சேறு எல்லாம் சேர்ந்து, லொறியின் தகட்டில் உருண்டு அமுங்கி வந்து நிற்கும். 6 மீற்றர் வாசலுக்குக் குறுக்கே, ஒரு மீற்றர் தடிப்பு, அரை மீற்றர் உயரம் என்றால் 3 கன மீற்றர். இந்தப் பனி ஒரு கன மீற்றர் 400 கிலோ வரை வரும். அதாவது அந்த ஒரு சுவர் மட்டும் 1,200 கிலோ. முழு டிரைவ்வேயிலும் கிடப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான பாரம், வாசலில் ஒரு கோட்டில். இரண்டு மணித்தியாலம் விட்டால் அது உறைந்து கல்லாகும். நீங்கள் உள்ளே எல்லாம் தள்ளி முடித்துத் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகுதான் லொறி இரண்டாம் தரம் வரும் என்பதையும் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் மாறியிருப்பது பக்கத்து ஊருக்கு இல்லை, வேறு காலநிலைக்கு. ரொறன்ரோவில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக 110, 120 சென்ரிமீற்றர் பனி விழும். பாரியில் 200ஐத் தாண்டும். காரணம் ஜோர்ஜியன் குடா. வடமேற்குக் குளிர்காற்று இன்னும் உறையாத அந்தத் தண்ணீரின் மேலாக வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் கொட்டுகிறது. அதனால்தான் ரொறன்ரோவில் வெயில் எறிக்கும் நாளில், 400ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் வடக்கே வந்தால் முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கும் தெரியாமல் கொட்டிக்கொண்டிருக்கும். ஸ்காபரோ உறவினர் வீட்டில் எந்த மெசின் வேலை செய்கிறது என்பதை அளவாக எடுக்காதீர்கள்.

சரி, மெசின்களுக்கு வருவோம். நான் பாரிக்குப் பக்கத்து ஊரான இன்னிஸ்ஃபில் பக்கம் பதினான்கு வருடமாக இருக்கிறேன், அதில் ஒன்பது வருடம் சின்ன எஞ்சின் திருத்தும் கடையில் வேலை செய்தேன். ஒவ்வொரு ஜனவரியும் உடைந்து வருகிற மெசின்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான் இது.

சிங்கிள் ஸ்டேஜ் என்பதில் ஒரே ஒரு சுழலும் பாகம். அதன் ஓரத்தில் ரப்பர். அது நிலத்தைத் தொட்டபடி சுற்றி, பனியை அள்ளி, அதே வேகத்தில் மேலே உள்ள குழாயால் எறிந்துவிடும். ரப்பர் தரையை இழுப்பதால் மெசினும் மெல்ல முன்னே நகரும். பாரம் குறைவு, ஒரு கையால் திருப்பலாம், தாரில் கறுப்புத் தெரியும் வரை வழிக்கும். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலோ ஸ்காபரோவிலோ ஒரு கார், ஒன்றரைக் கார் டிரைவ்வே உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதன் எல்லை 20 சென்ரிமீற்றர் அளவு பனி. நான் மேலே சொன்ன சுவருக்கு முன்னால் அது மேலே ஏறித் துள்ளும், உள்ளே போகாது. பனிக் குவியல் தோள் உயரம் வந்த பிறகு அதற்கு மேலால் எறியவும் கஷ்டப்படும்.

டூ ஸ்டேஜில் வேலை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் ஓகர் என்கிற இரும்பு முறுக்குத் தகடு, கட்டியை உடைத்து நடுவுக்கு இழுக்கும். அதற்குப் பின்னால் வேகமாகச் சுற்றும் ஒரு விசிறி, இழுத்து வந்ததைக் குழாயால் பத்து மீற்றருக்கும் அப்பால் எறியும். சில்லுகளை எஞ்சினே ஓட்டும், அதனால் நீங்கள் தள்ள வேண்டியதில்லை, நடத்திக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த முறையின் வேர் கனடாவிலேயே இருக்கிறது. மொன்றியலைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் தன் முதல் ஸ்னோ ப்ளோவரைச் செய்தார், தானியக் கதிர் அடிக்கும் மெசினைப் பார்த்து வந்த யோசனை. அது லொறியில் பூட்டிய பெரிய சாமான். வீட்டுக்காரர் பின்னால் நடந்து ஓட்டுகிற அளவுக்குச் சுருங்கி வர 1950கள் ஆகின.

உங்கள் டிரைவ்வேக்கு என் பதில்: 24 அங்குல டூ ஸ்டேஜ், பெற்றோல், எஞ்சின் 208 சிசிக்குக் குறையாமல். கையில் காசு இருந்தால் 250 சிசி பக்கம் போங்கள். கனடிய டொலரில் ஏறத்தாழ 1,400 முதல் 2,200 வரை வரும்.

30 அங்குலம் ஏன் வேண்டாம்? 6 மீற்றர் அகலத்துக்கு 24 அங்குல மெசின் பத்துத் தரம் போய்வர வேண்டும். 30 அங்குலம் எட்டுத் தரம். மிச்சம் இரண்டு தரம், ஐந்தாறு நிமிடம். அதற்காக இன்னும் பல கிலோ பாரத்தைத் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும், கராஜில் காருக்குப் பக்கத்தில் இடமும் விட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பல கம்பனிகள் ஒரே எஞ்சினை 24, 28 இரண்டிலும் பூட்டி விற்கின்றன. வாய் அகலமாக அகலமாக அதே பலம் பரந்துபோகும். வாசல் சுவரில் அகலம் உதவாது, அங்கே அரை வாய் அளவில்தான் கடித்துக் கடித்துப் போவீர்கள். ஒரே எஞ்சின் என்றால் சின்ன வாய்தான் கெட்டித்தனமான தெரிவு.

த்ரீ ஸ்டேஜ் என்று நடுவில் இன்னொரு உடைக்கும் தகடு வைத்ததும் விற்கிறார்கள். பண்ணை வீடு, நூறு அடிப் பாதை உள்ளவர்கள் யோசிக்கலாம். 12 மீற்றருக்கு அது தேவையில்லை.

பற்றரி மெசினை நான் குறை சொல்ல மாட்டேன், நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொத்தானை அமத்தினால் ஓடும். பெற்றோல் மணம் இல்லை, கார்பரேட்டர் அடைப்பு இல்லை, விடிய ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பாது. ஆனால் குளிரில் லித்தியம் பற்றரியின் கொள்ளளவு இறங்கும், ஈரப்பனியில் அது கெதியாகத் தீரும். உங்கள் வாசலுக்கு வரும்போதுதான் அது தீரப்போகிறது, ஏனென்றால் கடினமான இடம் கடைசியில் இருக்கிறது. திரும்ப ஏற்ற ஒரு மணித்தியாலமும் அதற்கு மேலும் ஆகும். பற்றரியில் டூ ஸ்டேஜும் வந்திருக்கிறது, பலமும் நல்ல பலம், ஆனால் பெரிய பற்றரிகளோடு சேர்த்து விலை பெற்றோல் மெசினைத் தாண்டி எங்கேயோ போய்விடும். யாராவது பற்றரி வாங்குவதாக இருந்தால் அதைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள், பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், பற்றரி பழுதாகும். வயரில் ஓடும் கரண்ட் மெசின் பின்பக்க மேடைக்கும் படிக்கும் சரி. உங்களுக்கு அல்ல.

அகலமும் சிசியும் தெரிந்துவிட்டது என்று உடனே காசைக் கட்டிவிடாதீர்கள். கடையில் மெசினுக்குப் பின்னால் போய் நில்லுங்கள், மனைவியையும் நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இரவு வேலை விழுகிற நாளில் அதை ஓட்டப்போவது அவர். கைபிடி நெஞ்சு உயரத்துக்கு வருகிறதா, கையுறையோடு லீவரைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மெசினைத் திருப்பிப் பாருங்கள். பழைய வகையில் இரண்டு சில்லும் ஒன்றாகவே சுற்றும், திருப்புவதற்கு முழு மெசினையும் இழுத்துச் சுழற்ற வேண்டும். இப்போது கைபிடிக்குக் கீழே விசை வைத்து, அமத்துகிற பக்கத்துச் சில்லை விடுவிக்கும் வகை இருக்கிறது, தானாகவே விட்டுக்கொடுக்கும் வகையும் இருக்கிறது. இதற்கு இருநூறு டொலர் கூடக் கேட்டாலும் கொடுங்கள். சூடான கைபிடி, வடிவான விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு. கரண்டில் செருகி ஸ்டார்ட் பண்ணும் வசதி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும், மைனஸ் இருபதில் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

இனி, கடையில் யாரும் சொல்லாத ஒரு சின்னச் சாமான். ஓகர் தண்டில் இரண்டு பக்கமும் சின்ன ஆணிகள் இருக்கும், ஷியர் பின் என்பார்கள். சுண்டுவிரல் அளவுதான். ஏதாவது இறுகினால் இந்த ஆணி உடைந்து, உள்ளே இருக்கும் கியர் பெட்டியைக் காப்பாற்றும். உடைவதுதான் அதன் வேலை.

எனக்கு முதல் தரம் உடைந்தது இலவசப் பத்திரிகையால். பொலித்தீன் உறையில் சுற்றி வாரா வாரம் டிரைவ்வேயில் எறிந்துவிட்டுப் போவார்கள். அது பனிக்குள் புதைந்து, நனைந்து, உறைந்து விறகுக்கட்டை மாதிரிக் கிடந்தது. மைனஸ் பதினான்கு. ஓகருக்குள் போனதும் "டக்" என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வலது பக்கத் தகடு சுற்றுகிறது, இடது பக்கம் அப்படியே நிற்கிறது. எஞ்சினை நிறுத்தி, முழங்காலில் இருந்து, கையுறையைக் கழற்றி, இரண்டு ஸ்பானர் பிடித்து உடைந்த துண்டைத் தட்டி எடுத்துப் புது ஆணி போட்டேன். பத்து நிமிட வேலைதான், ஆனால் இரும்பில் விரல் ஒட்டப் பார்க்கிற குளிர். அன்றைக்கு ஆணி கையில் இருந்தபடியால் வேலைக்குப் போனேன். மெசின் வாங்கும்போதே, அந்த மொடலுக்கு உரிய ஆணி நாலைந்து சேர்த்து வாங்கி, கராஜ் சுவரில் ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு ஹார்ட்வெயார் கடை ஆணியைப் போடுகிறவர்களின் மெசின்தான் கடைக்குக் கியர் பெட்டி சிதறி வரும். அந்த ஆணி உடையாது, பெட்டி உடையும்.

அதே காரணத்தால், பழைய மெசின் வாங்க நினைத்தால் முதலில் அந்த ஆணிகளைப் பாருங்கள். சாதாரண போல்ட் போட்டிருந்தால் அந்த மனிதர் மற்றதையும் அப்படித்தான் கவனித்திருப்பார். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், ஏன் முன்னமே ஸ்டார்ட் பண்ணி வைத்தீர்கள் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகு கியர் பெட்டிக்குக் கீழே எண்ணெய்க் கசிவு உண்டா, தரையை வழிக்கும் அடித்தகடு தேய்ந்து வாயின் இரும்பே உரசியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நல்ல கம்பனி மெசின் பத்து வருடம் ஓடியதாக இருந்தாலும், வடிவாகப் பார்த்திருந்தால் புதுச் சின்ன மெசினைவிட அது மேல்.

ஆபத்தான ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஈரப்பனியில் குழாய் அடைக்கும். இந்தப் பக்கம் மார்கழியிலும் பங்குனியிலும் அது அடிக்கடி நடக்கும். அப்போது கையை உள்ளே விடக்கூடாது. எஞ்சின் ஓடும்போது என்று நான் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். எஞ்சினை நிறுத்திய பிறகும் விடக்கூடாது. அடைத்த பனிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பைத் தட்டிவிட்ட கணத்தில் விசிறி அரைச் சுற்றுச் சுற்றும், விரல் போவதற்கு அரைச் சுற்றுப் போதும். கட்டுப் போட்ட கையோடு மெசினைக் கடைக்குக் கொண்டுவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், "நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டேன்" என்றுதான் அவரும் சொன்னார். மெசினிலேயே ஒரு பிளாஸ்டிக் கோல் பூட்டி வரும். எஞ்சினை நிறுத்தி, தகடுகள் நிற்கும்வரை பொறுத்து, ஸ்டார்ட் பண்ணும் திறப்பை (சாவியை) எடுத்துவிட்டு, அந்தக் கோலாலேயே குத்துங்கள்.

அடைப்பு குறைய ஒரு வழி, எஞ்சினை எப்போதும் முழு வேகத்தில் விட்டு, நடக்கும் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்பது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து எஞ்சினைக் குறைப்பார்கள், விசிறி மெதுவாகச் சுற்றும், பனி குழாயிலேயே நின்றுவிடும். வாசல் சுவருக்குப் போகும்போது முதல் கியர், அரை வாய் அகலம். சுவர் உயரமாக இருந்தால் மேலே உள்ளதைச் சவலால் முன்பக்கம் சரித்துவிட்டு மெசினை விடுங்கள். 30 சென்ரிமீற்றர் சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பத்துப் பதினைந்து விழுந்ததும் ஒருக்கால் ஓட்டிவிடுங்கள்.

எங்கே எறிவது என்பதையும் இப்போதே, புல்லுத் தெரியும்போதே நின்று பாருங்கள். தெருவில் எறிய முடியாது, ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அது குற்றம். பக்கத்து வீட்டுக்காரரின் பக்கம் எறிந்தால் சட்டத்தைவிட மனஸ்தாபம் பெரிதாகும். இன்னொன்று, புது வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் கூரையால் போகாமல் பக்கச் சுவரால் வெளியே வரும், வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு. அந்தப் பக்கம் எறிந்து அதை மூடிவிட்டால் ஃபர்னஸ் நின்றுவிடும், அல்லது கார்பன் மோனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும். உங்கள் குழாய்கள் எந்தப் பக்கம் என்று இன்றைக்கே பாருங்கள். மெசினையும் கராஜுக்குள் ஓட விடக்கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. வெளியே உருட்டிக் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. பழைய பெற்றோல்தான் எதிரி. எனக்கு நவம்பரில் வந்த வேலையில் பெரும்பங்கு, சித்திரையில் பெற்றோலோடு அப்படியே மூடி வைத்த மெசின்களின் கார்பரேட்டரைக் கழுவுவதுதான். எத்தனோல் கலக்காத பெற்றோல் கிடைத்தால் அதையே போடுங்கள், பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து வையுங்கள், கடைசிப் பனி முடிந்ததும் டாங்கை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். குளிருக்கு 5டபிள்யூ-30 எண்ணெய், முதல் மாற்றம் கைநூலில் சொன்ன சில மணித்தியாலத்திலேயே. வாயின் இரண்டு பக்கமும் உள்ள சறுக்குக் கட்டைகளை, அடித்தகடு தாரிலிருந்து மூன்று மில்லிமீற்றர் மேலே நிற்கும்படி பூட்டுங்கள். தடிப்பான அட்டைத் துண்டொன்றைத் தகட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினால் அளவு சரியாக வரும். பின்னாளில் இன்டர்லொக் கல் பதித்தால் பிளாஸ்டிக் சறுக்குக் கட்டைக்கு மாறுங்கள், இரும்பு கல்லைக் கீறும்.

ஐப்பசிக்குள் வாங்கிவிடுங்கள். முதல் பெரும் பனி விழுந்த மறுநாள் 24 அங்குலம் எந்தக் கடையிலும் இராது, மிஞ்சியிருக்கும் 30 அங்குலத்தைத்தான் தலையில் கட்டுவார்கள். பக்கத்தில் திருத்தும் ஆள் உள்ள கம்பனியாகப் பாருங்கள். ஏரியன்ஸ், டோரோ போன்றவற்றுக்கு இந்தப் பக்கம் உதிரிப்பாகம் கிடைக்கும்.

அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. கார்த்திகையில் மண் இறுக முன்னர், நாலடிக் குச்சிகளில் சிவப்பு நாடா கட்டி, டிரைவ்வேயின் இரண்டு ஓரமும் இரண்டு மீற்றருக்கு ஒன்றாக ஊன்றச் சொல்லுங்கள். பனி மூடிய பிறகு தார் எங்கே முடிகிறது, பூப்பாத்தியின் கல் எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் தெரியாது. அந்தக் குச்சிகளைப் பார்த்துத்தான் மெசினை ஓட்டுவீர்கள். பனி எச்சரிக்கை வந்த அன்று பின்னேரம் டிரைவ்வேயை ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரிகை, கால்மிதி, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் பந்து எல்லாம் எடுத்து வைக்கவும் அவரே சரியான ஆள்.